குருவிப் படம் போட்ட கோப்பு

ஒரு கணினிக்குள் பதறியடித்துக்கொண்டு ஒரு மின்னஞ்சல் வந்தது.

"குருவிப் படம் போட்ட கோப்பு ஒரு வைரஸ்! உடனே அழியுங்கள்! பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்!"

குருவிக் கோப்பு அதைக் கேட்டு நடுங்கியது. திரையில் தமிழ் எழுத்துகளை வரைவதைத் தவிர அது வேறொன்றும் அறியாது.

"இது கெட்டதுன்னு நீ பார்த்தியா?" என்று கேட்டது குப்பைக்கூடை.

"எல்லாரும் சொல்றாங்க, அக்கா!" என்றது மின்னஞ்சல்.

மௌஸுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குருவிக் கோப்பை இழுத்துவந்து கூடைக்குள் போட்டது. "சீக்கிரம் அழிச்சிடுங்க, அக்கா."

"எனக்கென்ன அவசரம்?" என்ற கூடை, கோப்பை மடியில் வைத்துக்கொண்டது.

அடுத்த நொடியே திரையில் இருந்த எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது. பத்துப் பேரைத் தேடிக் கிளம்பிய மின்னஞ்சலிலும் வெறும் கட்டங்கள்தான். என்ன சொல்ல வந்தோம் என்று தனக்கே தெரியாமல் அது நின்று அழுதது.

"போய் எழுதிக் கொடு, தம்பி," என்றது கூடை, மடியிலிருந்த கோப்பிடம்.

"என்னை அழிக்கச் சொன்னதே அதுதானே, அக்கா?"

"அதையும் யாரோ பயமுறுத்தித்தான் அனுப்பியிருக்காங்க."

குருவிக் கோப்பு தன் இடத்துக்குத் திரும்பியது. ஓர் எழுத்து விடாமல் எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தது. மின்னஞ்சல் தன்னைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தது. பிறகு தலைகுனிந்தபடி கூடைக்குள் வந்து இறங்கியது.

"அந்தப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டாமா, அக்கா?"

"அவங்க நிம்மதியா இருக்கட்டும். நீ படு," என்று கூடை நகர்ந்து இடம் கொடுத்தது.