பின்னாலிருக்கும் ஸ்பீக்கர்

புளூ-ரே பட வட்டுகளின் பிம்பத்துக்கும் ஒலிக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது கிருபாகரனின் வேலை. ஒலியைச் சோதிக்க அவன் ஒரு வழி வைத்திருந்தான். பின்னாலிருக்கும் ஸ்பீக்கரில் சத்தம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் தன்னையறியாமல் திரும்ப வேண்டும். மனைவி போனபின் திரும்ப ஆளில்லை. அதனால்தான் புது வட்டில் தன் கணவனைத் தேடி ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றதும் உடனே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான்.

அந்த வட்டிலிருந்த எந்திர மனிதர் படத்தில் அவள் கணவன் ஜெபராஜ் சண்டைக் காட்சி நடிகன். படப்பிடிப்பில் விழுந்து செத்தவன்.

"படம் பூரா இரும்பு முகமூடி சார். அவரு மொகம் எங்கயாச்சும் வருதா?"

வந்தது. படம் முடிந்தபின் கூடுதலாகச் சேர்த்திருந்த படப்பிடிப்புக் காட்சிகளின் கடைசியில், 'வீர அஞ்சலி' என்ற தலைப்பின் கீழ், கயிறு அறுந்து ஜெபராஜ் விழுந்தான். முகமூடி கழன்று உருண்டது. கிருபாகரன் அங்கே நிறுத்தினான். மீசையில் ஒட்டிய மண்கூடத் தெளிவாக இருந்தது. பிம்பத்துக்கு ஐந்து போட்டான்.

ஸ்டெல்லா திரையருகே போய் அந்தக் கன்னத்தைத் தொட்டாள். "கண்ணு தொறந்துதான் இருக்கு. இதோட போதும் சார். மேல ஓட்டாதீங்க."

"சவுண்டு இன்னும் பாக்கலம்மா. இப்படி வந்து நடுவுல உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். அவன் ஓட்டினான்.

"ஸ்டெல்லா" என்றது பின்னாலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஜெபராஜின் குரல்.

அவள் திரும்பினாள். அங்கே சுவர்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பக் கொஞ்சம் தாமதமானதால் கிருபாகரன் ஒலிக்கு அரை மதிப்பெண் குறைத்தான்.