ஃப்ரிட்ஜில் ஒட்டிய ஊர்

மகள் துலியின் பள்ளிக்கூட வேலைக்காக அனிமேஷ் தன் வங்காளத்துக் கிராமத்தை வரைந்து கொடுத்திருந்தான். ஆற்றங்கரையோரம் இருபத்து மூன்று வீடுகள், நான்கு குளங்கள், நடுவில் காளி கோயில். அவன் மனைவி தாரிணி அதை வெளிநாட்டில் அவர்கள் குடியிருந்த கிளென் வேவர்லி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.

ஆறு கரையை அரிக்கத் தொடங்கியதும், அம்மாவை அழைத்துவர அவன் ஊருக்குப் போனான். அதன்பிறகு படத்தில் ஒரு வீடு மறையும். மறுநாள் அதே வீட்டை ஆறு கொண்டுபோய்விட்டதாக அவன் போனில் சொல்வான். துலியைக் கேட்டால், "ஐ டிடின்ட் டச் இட், அம்மா" என்றாள். இப்படி ஏழு வீடுகள் போயின.

இன்று மதியம் கோயிலை ஒட்டிய வீட்டைக் காணோம். அது மாமியார் வீடு.

"என்னங்க, அத்தையைக் கூட்டிட்டு இப்பவே கிளம்புங்க!" என்று போனில் கத்தினாள்.

"பைத்தியம், ஆத்துக்கும் நமக்கும் நடுவுல இன்னும் பத்து வீடு இருக்கு." சென்னையில் படித்தபோது கற்ற தமிழில் அவன் சிரித்தான். "இன்னிக்கு வியாழக்கிழமை, லட்சுமி பூஜை. அம்மா வாசல் தாண்ட மாட்டாங்க. நாளைக்குக் கிளம்பிடுறோம்."

அவன் பின்னால் மாமியார் சங்கு ஊதுவது கேட்டது.

தாரிணி பென்சிலை எடுத்து அந்த வீட்டைத் திரும்ப வரையப் பார்த்தாள். கோடு விழவில்லை. அந்த இடத்தில் தாள் ஈரமாக இருந்தது. விரலில் வண்டல் ஒட்டியது.