கட்டைவிரல் குழி

காலையில் முட்டை வெந்ததும் ஆவுடையப்பன் துணிக்கடைக் காகிதப்பையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வார். பை உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு அவர் செல்போனில் கண்டுபிடித்த வைத்தியம் இது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்தால் உடம்பில் கரியமில வாயு கூடுமாம். வெள்ளைக்கருவைத் தின்றால் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் ஏறுமாம். இரண்டும் சேர்ந்தால் கால் வீக்கம் தானாக வடிந்துவிடுமாம். முட்டை ஓடுகூட நுழையாத அந்தச் சைவ வீட்டில், அவர் மனைவி வடிவு தினமும் ஆறு முட்டையைக் கொல்லையில் வைத்து அவித்து, மஞ்சள்கருவைக் காக்கைக்குப் போட்டுவிட்டு வருகிறாள்.

பிறகு அவர் காலடியில் உட்கார்ந்து கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுப்பாள். விழுந்த குழி மேடாகும்வரை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் வைத்தியம் பலிக்கிறது என்று அர்த்தம். இன்று நாற்பதுக்கு மேல் எண்ண அவளுக்கு மனம் வரவில்லை.

“எத்தன வந்துது வடிவு?” என்றார் பைக்குள்ளிருந்து.

“பத்துதான். நேத்து பதினஞ்சுல்லா.”

“பாத்தியா, நான் சொன்னம்லா! நாளைக்கு ரெண்டு முட்ட கூடப் போடு.”

“போடுதேன்” என்று, குழி மறையும்படி வேட்டியை இழுத்துவிட்டாள். பை முன்னைவிட வேகமாக உப்பிச் சுருங்கியது.

சாயங்காலம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது வேட்டியை விலக்கிப் பார்த்தாள். காலையில் அழுத்திய குழி அப்படியே இருந்தது. வடிவு தன் கட்டைவிரலை அதற்குள் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.