ஹென்ட்ரினுக்கு என்ன விலை

சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்து இலங்கைக் கடையில் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது.

கஜீவன் ஒரு ட்ரேட் கேட்டிருந்தான், ஆளுக்கு ஆள் மாற்றம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். டொராண்டோவில் அப்போது வெள்ளி மாலை ஆறு மணி. அதோடு இந்த சீசனுக்கு ஆள் மாற்றுவது முடிந்துவிடும்.

எனக்கு இருபது நிமிடம் இருந்தது.

கஜீவன், நிரூபாவின் தம்பி. நிரூபா என் மனைவி. ஆகஸ்டில் இறந்துபோனாள்.

கைப்பேசியில் கிரிக்கெட் அணி கட்டி விளையாடுவார்களே, அதையே அவள் குடும்பம் ஐஸ் ஹாக்கியில் விளையாடுகிறது. டொராண்டோவின் ஸ்காபரோவில் ஒன்பது பேர், சிட்னியில் இவள் ஒருத்தி. ஒவ்வொரு ஜூனிலும் பதினெட்டு வயது ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுப்பார்கள். எடுத்த பையன் என்றாவது நிஜ ஆட்டத்தில் சாதித்தால் எடுத்தவருக்குப் புள்ளி. அதுவரை வைத்திருக்கலாம். அல்லது அவனைக் கொடுத்து வேறொருவனை வாங்கலாம்.

நான் திருச்சிக்காரன். கல்யாணம் ஆகும்வரை ஐஸ் ஹாக்கி மட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

"இந்த ஊரில ஐஸ் எண்டால் பியர் வைக்கிற எஸ்கிப் பெட்டிக்குள்ள மட்டும்தான்," என்பாள் நிரூபா.

சனிக்கிழமை காலைகளில் இதே கடையின் ஜன்னலோர மேசையில் எனக்குப் பாடம் நடக்கும். ரோல்ஸ் வந்த காகிதப் பையைக் கிழித்து நடுவில் கோடு போடுவாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்.

எத்தனை கோல் என்று எழுத மாட்டாள். அதை எல்லோரும் பார்ப்பார்களாம். தன்னைவிடப் பெரியவர்களோடு விளையாடுகிறானா, கடைசி இரண்டு நிமிடத்தில் கோச் அவனை இறக்குகிறாரா, அவன் அப்பா எவ்வளவு உயரம் என்றுதான் எழுதுவாள்.

எண்ணெய் பட்ட இடத்தில் பேனா எழுதாது. அதைச் சுற்றி எழுதுவாள்.

அப்பாவின் உயரம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"பெடியன் இன்னும் வளருவானோ எண்டு பாக்கத்தான். உங்கட அப்பா எவ்வளவு?"

ஐந்தரை அடி என்றேன்.

"அப்ப உங்களை ஒருத்தரும் வாங்க மாட்டினம்," என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் எடுத்திட்டன். இனி என்ன செய்யிறது."

கஜீவன் கேட்டது ஹென்ட்ரினை.

ஸ்வீடன்காரன். கோல் கீப்பர். பத்தொன்பது வயது. இரண்டாம் நிலை அணி ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனுக்குப் பதிலாகத் தருவதாகச் சொன்னது இரண்டு பேரை. இருவரும் இப்போதே கோல் அடிக்கிறவர்கள்.

இளம் ஆட்டக்காரர்களின் மதிப்பை ஒப்பிட்டுச் சொல்ல ஒரு இணையதளம் இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். ஹென்ட்ரின் பதினொன்று. மற்ற இருவரும் சேர்ந்து எழுபத்து நான்கு.

இரக்கம் என்று நினைத்தேன். ஏழு மாதமாக எல்லோரும் எனக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் சாப்பாடு.

பின்னால் நின்றவரை முன்னே போகச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"ஓம் அத்தான், சொல்லுங்கோ." பக்கத்தில் அவன் குழந்தை சிணுங்கியது.

"கணக்கு உதைக்குதே கஜீவன். நீ ரொம்பக் குடுக்கற."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

"அவன், அக்கா கடைசியா எடுத்த பெடியன் அத்தான். முதல் சுற்றிலயே கோல் கீப்பரை எடுத்திட்டா எண்டு இஞ்ச எல்லாரும் சிரிச்சவை. நானும்தான். அக்கா சும்மா எடுத்திருக்க மாட்டா. ஏதோ பாத்திருக்கிறா."

ஆகஸ்டில், கஜீவனுக்குக் குழந்தை பிறந்து நான்காம் நாள் நிரூபா போனாள். அவனால் வர முடியவில்லை. தகனத்தை டொராண்டோவில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தான். கடைசி ஐந்து நிமிடம் கைப்பேசியைப் பிடித்திருந்தது நான். என் கை இறங்கியபோதெல்லாம், "அத்தான், தெரியேல்ல," என்றான்.

என்னிடம் அவள் சேலைகள் இருக்கின்றன. மூக்குக் கண்ணாடி இருக்கிறது. அவள் தன் காலுக்கேற்ப இருக்கையை நகர்த்தி வைத்திருந்த கார் இருக்கிறது.

அவனிடம் எதுவும் இல்லை.

"கஜீவன்," என்று ஆரம்பித்தேன்.

"ஓம்?"

"ஒண்ணுமில்ல. இரு."

ஒன்பது ஐம்பத்தாறுக்கு 'ஏற்கிறேன்' என்பதைத் தொட்டேன். திரையில் ஹென்ட்ரின் அவன் பக்கம் போனான்.

"தாங்க்ஸ் அத்தான்," என்றான். "பிள்ளை அழுறான். வைக்கிறன்."

போன ஜூன், ஞாயிறு காலை. ஆஸ்பத்திரி ஐந்தாம் மாடி. மருந்து ஏற்றியதில் நிரூபா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்துவிட்டதென்று அவள் கைப்பேசி சொன்னது. ஆள் எடுக்கத் தொண்ணூறு விநாடி. அவள் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். உலுக்கி எழுப்ப மனம் வரவில்லை. எட்டு விநாடி மிச்சமிருந்தபோது விரலுக்குக் கீழே இருந்த பெயரைத் தொட்டேன். அவன் என்ன ஆடுகிறவன் என்றுகூடப் பார்க்கவில்லை.

மதியம் விழித்ததும் காட்டினேன்.

"கோல் கீப்பரையோ எடுத்தனீங்கள்? அவன் தேறி வர அஞ்சாறு வருசம் செல்லும்."

தண்ணீர் கேட்டாள். குடிக்கத் தந்தேன்.

"பரவாயில்லை," என்றாள். "நீங்கள் இருந்து பாப்பியள்தானே."