சாம்பிளுக்கு ஒண்ணு

"நாளைக்குப் பிள்ளைங்களுக்கு என்ன குடுக்கப் போறீங்க? எனக்கு அதுல ஒண்ணு குடுங்களேன்."

வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் சின்னப் பிள்ளை இல்லை. முதல் மாடி ஜெயராஜ். ஐம்பது வயதிருக்கும். நல்ல வாட்டசாட்டமான ஆள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை.

கதவைத் திறந்த லாவண்யாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஹாலோவீன். லிங்கராஜபுரத்தில் இருக்கும் அந்த அபார்ட்மெண்டில் குழந்தைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அதுகளுக்கு முன்னால் இந்த மனுஷன் வசூலுக்குக் கிளம்பிவிட்டார்.

வாங்கி வைத்திருந்த வேஃபர் பாக்கெட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தார்.

இருட்டுவதற்குள் அபார்ட்மெண்ட் முழுக்க அதே பேச்சு. இருபத்துநாலு வீட்டில் ஒன்றைக்கூட விடவில்லையாம். லிஃப்டில் சிரித்தார்கள். லாவண்யாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது.

அவள் மகள் கிருத்திகாவுக்கு ஏழு வயது. வேர்க்கடலை ஆகாது. துளி பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். போன வருஷம் ஒரு பிறந்தநாள் கேக்கில் ஒரே வாய் தின்றுவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அதனால்தான் போன வாரம் அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்பில் லாவண்யா எழுதினாள். முடிந்தால் வேர்க்கடலை சேராத மிட்டாயாகக் கொடுங்கள், என் பெண்ணும் எல்லோரோடும் வரட்டும் என்று.

ஒருவரும் பதில் போடவில்லை.

தன் பிள்ளைக்கு வந்தால்தான் இவங்களுக்கெல்லாம் தெரியும் என்று கணவரிடம் பொருமித் தீர்த்தாள். கிருத்திகாவை அனுப்புவதில்லை என்று முடிவும் செய்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணி. கீழே பிள்ளைகள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. சூனியக்காரித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கிருத்திகா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதைத்தான் லாவண்யாவால் பார்க்க முடியவில்லை.

மணி அடித்தது. ஜெயராஜ்.

கையில் ஒரு டப்பா. திறந்து காட்டினார். நேற்று வாங்கிய அத்தனை மிட்டாயும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தாள் ஒட்டி, வீட்டு நம்பர் எழுதியிருந்தது.

"பாப்பாவை அனுப்பும்மா" என்றார்.

லென்ஸ் வைத்து உறையின் பொடி எழுத்தை எல்லாம் படித்துவிட்டாராம். ஒன்பது வீட்டு மிட்டாயில் வேர்க்கடலை இருந்தது, அல்லது வேர்க்கடலை புழங்கும் இடத்தில் செய்தது என்று போட்டிருந்தது. அந்த ஒன்பது வீட்டுக்கும் திரும்பப் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒன்பது பேரும் மாற்றிவிட்டார்கள். வீட்டிலேயே பலகாரம் செய்திருந்த வேறு இரண்டு பேர், அதை ஒதுக்கிவிட்டு ஸ்டிக்கர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"இருந்தாலும் வழியில எதையும் வாயில வைக்க வேணாம். வீட்டுக்கு வந்ததும் நீங்க ஒருதரம் பாத்துட்டுக் குடுங்க. மருந்தும் கையோட இருக்கட்டும்."

லாவண்யாவுக்கு லிஃப்டில் சிரித்தது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாருமே பதில் போடலையே சார். ஒருத்தருக்கும் அக்கறை இல்லன்னு நினைச்சேன்."

"எல்லாரும் படிச்சிருக்காங்கம்மா. நான் போய்ச் சொன்னதும் ஒருத்தர்கூட முகம் சுளிக்கல. என்ன பதில் போடறதுன்னுதான் தெரியாம விட்டிருக்காங்க."

கிருத்திகா அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார் என்று லாவண்யா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெயராஜ் போகவில்லை. கொஞ்சம் தயங்கினார்.

"இன்னும் ஒரே ஒரு வீடு பாக்கி."

"எந்த வீடு சார்? நானே போய்ப் பேசறேன்."

டப்பாவிலிருந்து அந்த வேஃபரை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

"உங்க வீடுதான்மா. இதுல வேர்க்கடலை இல்ல, கோதுமை இருக்கு. மூணாவது மாடி சோஃபியாவோட பையன் க்ளெனுக்குக் கோதுமை ஆகாது. மத்த வீட்டுல அதையும் சொல்லி மாத்தியாச்சு. அவங்க குரூப்ல போட்டு ஒரு மாசம் இருக்கும். நீங்க அப்ப ஊருக்குப் போயிருந்தீங்களோ என்னமோ."

லாவண்யா ஊருக்கெல்லாம் போகவில்லை. இங்கேதான் இருந்தாள். சோஃபியா எழுதியதைப் படித்துக்கூட இருந்தாள். என்ன பதில் போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டாள்.