வயோலா வரிசை

ஒரே சிம்பொனியின் இரண்டு இசைத்தட்டுகளை ஒப்பிட்டு விமர்சனம் எழுதித் தரும்படி பத்திரிகையில் அமலனிடம் கேட்டிருந்தார்கள். இரண்டாவது தட்டின் உறையை அவன் திருப்பிப் பார்த்தபோது, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிப்பவர்களின் பெயர்களுக்கு நடுவே தங்கை பிரிசில்லாவின் பெயர் இருந்தது. அந்தக் கச்சேரி பதிவான தேதியும் இருந்தது. அம்மாவை அடக்கம் செய்த நாள் அது. கச்சேரி இருக்கிறது, வர முடியாது என்று வெளிநாட்டிலிருந்து சொன்னவளோடு அதன்பின் அவன் பேசவேயில்லை. இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டான். மெதுவாக நகரும் இரண்டாம் பகுதியில் மட்டும் அவள் குழுவின் வயோலாக்கள் மெலிந்து ஒலித்தன. அப்படியே எழுதினான். எழுதி முடித்த பிறகு மனம் கேட்காமல் அவளைப் போனில் அழைத்தான்.

"உங்க ரெக்கார்டைப் பத்தி எழுதியிருக்கேன். அச்சுல பார்த்து வருத்தப்படக் கூடாதுன்னு முன்னாடியே சொல்றேன். இரண்டாம் பகுதியில வயோலா சத்தம் போதல."

"அந்த இடத்துல நான் வாசிக்கலண்ணா," என்றாள். "வில்லைத் தந்தியில படாம இழுத்துக்கிட்டிருந்தேன். பட்டா அழுதுடுவேன்னு பயம். பக்கத்துல இருந்தவங்களுக்கே தெரியாது. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"நீ இதைப் போட்டுக் கேட்டதே இல்லையா?" என்றான்.

"தைரியம் வரல. இப்பப் போடேன்."

அமலன் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டான். இரண்டாம் பகுதி வந்ததும், அன்று வாசிக்காமல் விட்ட இசையை அவள் மெல்ல முணுமுணுப்பது போனில் கேட்டது.