கழன்ற செயின்

"செயினா? இந்தக் காலத்துல யாராவது செயின் போடுவாங்களா அக்கா?"

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பேட்டரி ஸ்கூட்டர் கடையில் மெக்கானிக் அவன். அக்கா தன் வெல்டிங் பட்டறையில் மாமாவுக்காக மூன்று சக்கர வண்டி செய்கிறாள் என்றதும், உள்ளேயே மோட்டார் வைத்த புத்தம்புதுச் சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.

"இதுல சத்தம் கிடையாது. எண்ணெய் போட வேணாம். கழண்டு விழ எதுவுமே இல்லை. சும்மா தர்றேன், வேணாங்கறியே!"

"செயின்தான்" என்றாள் அக்கா, வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல்.

"மாமா நடுரோட்டுல நின்னுட்டா?"

"நிக்கட்டும்."

கட்டின புருஷனையே நிக்கட்டும் என்கிறாளே, கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினான். மாமா லேசுப்பட்ட ஆளா? ஊரில் பாதி மோட்டார் சைக்கிள்கள் அவர் கைபட்டு ஓடியவை. விபத்தில் ஒரு கால் போனதிலிருந்து கட்டிலே கதி. பேச்சு அடியோடு நின்றுவிட்டது. எது கேட்டாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அந்த மனுஷனுக்குப் போய் இப்படியொரு மட்டமான வண்டியா?

அக்கா பிடித்த பிடியை விடவில்லை. வண்டியைச் செயின் போட்டே முடித்தாள்.

மறுநாள் காலை, இருவரும் கெஞ்சிக் கூத்தாடி மாமாவைப் பட்டறைக்குக் கூட்டி வந்து அதில் உட்கார வைத்தார்கள். வேண்டாவெறுப்பாக ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

வாசலைக்கூடத் தாண்டவில்லை. கடகடவென்று ஒரு சத்தம். செயின் கழன்று தொங்கியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா?" தம்பி குதித்தான். "இருங்க மாமா, நான் பார்க்கறேன்."

அக்கா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

மாமா குனிந்து பார்த்தார். முகம் சுளித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"எந்த மடையன் மாட்டினது இதை? இவ்வளவு தொய்வு விட்டா செயின் நிக்குமா? ஏய், அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துட்டு வா!"

பட்டறையே அதிர்ந்தது. மாசக்கணக்கில் கேட்காத குரல்.

"இதோ வந்துட்டேங்க!" அக்கா உள்ளே ஓடினாள். தம்பியும் பின்னாலேயே போனான்.

"அக்கா, நேத்து சாயங்காலம் நானே தொட்டுப் பார்த்தேன். செயின் விறைப்பா இருந்துச்சே?"

ஸ்பேனரைத் துடைத்த அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"மெதுவாப் பேசுடா, அவர் காதுல விழுந்துடப் போகுது. காலையில நான்தான் தளர்த்தி விட்டேன்."